பன்னிரண்டு புள்ளி ஆறு

மார்ச் 2

தும்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம் என்று தொடங்க வேண்டும், மனசு வரவில்லை. நீ நலமா என்று கேட்க வேண்டும், கேட்க வழியில்லை. நீ போய் இன்றோடு நாற்பத்தோரு நாள்.

மாப்பிள்ளை வந்து உன் சாமான்களை ஒரு துணிப்பையில் கொடுத்துவிட்டுப் போனார். இரண்டு சேலை, ஒரு சீப்பு, நான் உனக்கு எழுதின கடிதங்கள். நீ எனக்கு எழுதினவை என் பெட்டியில் இருந்தன. இரண்டையும் தேதி பார்த்துக் கலந்து அடுக்கினேன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு அது மூன்று நாள் வேலை.

பைக்குள் இன்னும் இரண்டு சீட்டு இருந்தன. ஒன்று ஆகஸ்டில் உன் கார்மென்ட்ஸில் கொடுத்தது. ரத்த அளவு பன்னிரண்டு புள்ளி ஆறு, நன்று என்று முத்திரை. இன்னொன்று ஜனவரியில் பெரிய ஆஸ்பத்திரியில் கொடுத்தது. மூன்று புள்ளி எட்டு. அங்கே டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "இத்தனை நாளா என்னம்மா பண்ணிட்டிருந்தீங்க? இது திடீர்னு இறங்கின ரத்தம் இல்லை. வருஷக்கணக்கா வடிஞ்சிருக்கு" என்றார். கர்ப்பப்பையில் கட்டியாம். மாதாமாதம் அதுதான் உன்னைக் குடித்ததாம். கடைசியில் இதயம் தாங்கவில்லையாம்.

வருஷக்கணக்காக வடிந்தது என்றால் ஆகஸ்டில் பன்னிரண்டு எங்கிருந்து வந்தது? யாரைக் கேட்டாலும், "அவ எப்பவுமே சோர்ந்த ஆளுதானே" என்கிறார்கள். எப்போதிலிருந்து எப்பவுமே? ஒரு இடத்தில் உட்காரமாட்டாய் என்றுதானே உனக்கு நான் தும்பி என்று பேர் வைத்தேன்.

உன் பக்கத்து மெஷின்காரி பட்டன் அக்காவுக்கு எழுதிக் கேட்டிருக்கிறேன். அவள் பதில் வரும்வரை நம் கடிதங்களை முதலிலிருந்து வாசிக்கிறேன்.

உன் அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்காவுக்கு,

தும்பி எழுதுவது. இங்கே நான், பாப்பா, அவர் மூவரும் சுகம். நீயும் மாமாவும் சுகமா? மாமாவுக்கு முட்டிவலி தேவலையா? ஏழாம் நம்பர் வண்டி டிரைவர் அண்ணனிடம் நீ கொடுத்தனுப்பின கடிதத்தை பஸ் ஸ்டாண்டு டிக்கெட் கவுண்டரில் வாங்கிக்கொண்டேன். நீ டிப்போவில் பஸ் கூட்டுவதால் நமக்குத் தபால்காரர் தேவையில்லை. போனில் பேசலாம்தான். போன் அவரிடம் இருக்கிறது. பேசி முடிக்கும்வரை எதிரே நின்று கடிகாரத்தைப் பார்ப்பார்.

எனக்கு ஒன்றுமில்லை, கொஞ்சம் அசதி. மூன்று மாடி ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நிற்கிறேன். இரண்டாம் மாடி அம்மா, நான் அவள் வீட்டுச் சண்டையை ஒட்டுக்கேட்க நிற்கிறேன் என்று நினைத்துக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். காலையில் எழுந்தால் அப்போதுதான் வேலை முடித்து வந்தவள் மாதிரி இருக்கிறது.

ஒரு வேடிக்கை கேள். துணியில் கோடு போடுகிற சாக்பீஸைப் பார்த்தால் எனக்கு நாக்கு ஊறுகிறது. தினம் ஒரு துண்டு தின்றுவிடுகிறேன். பக்கத்து மெஷினில் பட்டன் தைக்கிற அக்கா சொல்கிறாள், "ஏண்டி, சாக்பீஸ் காணாம போகுதுன்னு சூப்பர்வைசர் எலிப்பொறி வைக்கப் போறாரு. விரல பாத்துக்க."

திட்டாமல் பதில் போடு.

உன் தும்பி

*

ஜூன் 20

அடி தும்பி,

நானும் மாமாவும் நலம். முட்டிவலி அவருக்கு வேலை சொல்லும்போது மட்டும்தான் வருகிறது. பாப்பா சுகமா? மாப்பிள்ளையைக் கேட்டதாகச் சொல்.

சாக்பீஸ் தின்கிறாளாம். வயிற்றுக்குள் கரும்பலகை வைத்திருக்கிறாயா? பாப்பா பார்த்தால் அவளும் தின்பாள். இன்றோடு நிறுத்து.

அசதி யாருக்கடி இல்லை? நான் ஒரு நாளைக்கு இருபத்திரண்டு பஸ் கூட்டுகிறேன். சீட்டுக்கு அடியில் குனிந்து நிமிர்ந்து இடுப்பு கழன்றுவிடும் போல இருக்கிறது. நம் அம்மா உட்கார்ந்து பார்த்திருக்கிறாயா நீ? உட்கார்ந்தால்தான் உடம்புக்கு அசதி ஞாபகம் வரும். நேரத்துக்குச் சாப்பிடு, சரியாகிவிடும்.

அக்கா

*

ஜூலை 28

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சுகம். உங்கள் சுகத்துக்கு எழுதவும். சாக்பீஸை நிறுத்திவிட்டேன் என்று எழுதச் சொல்கிறது மனசு. நிறுத்தவில்லை.

உன்னிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? மாதம் வந்தால் பத்து நாள் போகிறது. முதல் நாலு நாள் மணிக்கொரு தரம் துணி மாற்ற வேண்டியிருக்கிறது. இங்கே பாத்ரூம் போக ஒரு லைனுக்கு இரண்டு டோக்கன்தான், நாற்பது பேருக்கு. டோக்கன் திரும்பி வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. போன வாரம் ஸ்டூலை ஈரத்துணி கொண்டு துடைத்துவிட்டு எழுந்தேன். சூப்பர்வைசர், "என்னம்மா, அடிக்கடி டூர் போற?" என்றார். லைனே சிரித்தது. நானும் சிரித்தேன், வேறென்ன செய்ய?

வீட்டில் அவர், "உக்காந்து தைக்கிற வேலைதானே, இதுக்கு என்ன களைப்பு?" என்கிறார்.

அடுத்த மாதம் நர்ஸம்மா எல்லோருக்கும் விரலில் குத்தி ரத்தம் பார்க்கப்போகிறார். நாங்கள் தைக்கிற துணியை வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் பதிவேடு கேட்கிறார்களாம். பத்துக்குக் கீழே இருந்தால் லைனை விட்டு இறக்கிவிடுவார்கள். தேறி வரும்வரை வீட்டில் இருக்க வேண்டும், சம்பளம் கிடையாது. பயமாக இருக்கிறது. லைன் போய்விடுமே என்கிற பயமா, நிஜமாகவே கம்மியாக இருக்குமோ என்கிற பயமா, பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

தும்பி

*

ஆகஸ்ட் 2

தும்பிக்கு,

இங்கே நலம். நீ எழுதினதைப் படித்ததும் பதில் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

பத்து நாள் போவது நம் வீட்டில் எல்லோருக்கும் உண்டு. பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான். இதை நாலு பேரிடம் சொல்லிக்கொண்டு திரியாதே.

லைனை மட்டும் விட்டுவிடாதே. ஒரு தடவை இறக்கினால் திரும்ப ஏற்றமாட்டார்கள். எங்கள் டிப்போவில் கண்ணால் பார்த்தவள் நான். நீ வீட்டில் உட்கார்ந்தால் மாப்பிள்ளை என்ன பேசுவார் என்று உனக்கே தெரியும். என்ன வழியோ பார். எப்படியாவது தேறிவிடு.

அக்கா

*

ஆகஸ்ட் 25

அக்காவுக்கு,

சுகம். தேறிவிட்டேன். பன்னிரண்டு புள்ளி ஆறு. அவர் சீட்டைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்திருக்கிறார்.

வேறு விசேஷமில்லை. பட்டன் அக்காவுக்கு விரல்கள் வீங்கியிருக்கின்றன. அதற்கு என்ன செய்யலாம் என்று எழுது.

தும்பி

*

செப்டம்பர் 1

என் தங்கமே,

வயிற்றில் பால் வார்த்தாய். மாமாவிடம் வாசித்துக் காட்டினேன். பட்டன் அக்காவை விரலை வெந்நீரில் உப்புப் போட்டு முக்கி வைக்கச் சொல்.

ரத்தம் நன்று என்று முத்திரையே குத்திவிட்டார்கள். இனிமேல் அசதி கிசதி என்று எழுதினால் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடுவேன். உடம்பு சரியாகத்தான் இருக்கிறது, மனசுதான் உனக்குச் சோம்பிப் போயிருக்கிறது. சுறுசுறுப்பாக இரு.

அக்கா

*

நவம்பர் 14

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் சுகமா? இரண்டு மாதமாக எழுதவில்லை. அசதி என்று எழுதினால் கிழிப்பேன் என்றாய். அதை விட்டால் எழுத வேறு சங்கதி இல்லை. பஸ் ஸ்டாண்டும் தூரமாகிவிட்டது, யாரோ நகர்த்தி வைத்த மாதிரி. இதைப் பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வாரம் மாவாட்டும்போது கண் இருட்டிக்கொண்டு வந்தது. அவரே தெருமுனை டாக்டரிடம் கூட்டிப்போனார், குறை சொல்லக் கூடாது. டாக்டர் கேட்பதற்கு முன்னால் அந்தச் சீட்டை எடுத்து நீட்டினார். டாக்டர் படித்துவிட்டு, "பன்னிரண்டரை இருக்கேம்மா. எனக்கே இவ்வளவு இருக்குமான்னு சந்தேகம். மனசுல என்ன கவலை உனக்கு?" என்றார். அவர், "நானும் அதத்தான் கேக்கறேன் டாக்டர்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். கதவு திறந்து கிடந்தது. வெளியே எங்கள் லைன் பெண்கள் இரண்டு பேர் காத்திருந்தார்கள். மூடிக்கொண்டேன்.

தூக்க மாத்திரை எழுதிக் கொடுத்தார். தூங்குவதற்கு எனக்கு மாத்திரை வேண்டுமா அக்கா? ஊசியில் நூல் கோக்கிற நேரத்தில் தூங்குகிறவளுக்கு?

தும்பி

*

டிசம்பர் 20

தும்பிக்கு,

நாங்கள் நலம். உன் நலம் தெரியவில்லை. போன மாதம் நான் போட்ட கடிதம் கவுண்டரிலேயே கிடக்கிறது என்று டிரைவர் சொல்கிறார். உன் வீட்டிலிருந்து பஸ் ஸ்டாண்டு பத்து நிமிஷ நடை. அதற்குக்கூடவா சோம்பல்? இல்லை என் மேல் கோபமா? கோபம் என்றால் அதையாவது எழுது. திட்டி எழுதினாலும் படிப்பேன்.

போன கடிதத்தில் கேட்டதைத்தான் இதிலும் கேட்கிறேன். டாக்டரிடம் என்ன சொல்ல வாயைத் திறந்தாய்?

அக்கா

*

மார்ச் 11

தும்பியின் அக்காவுக்கு,

பட்டன் தைப்பவள் வணக்கத்துடன் எழுதுவது. உங்களை நலமா என்று கேட்க எனக்கு முகமில்லை.

உங்கள் கடிதம் வந்து ஐந்து நாள் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்து எழுந்துவிடுகிறேன். இன்று சொல்லிவிடுகிறேன். பன்னிரண்டு புள்ளி ஆறு என் ரத்தம்.

அன்று காலையில் சூப்பர்வைசர் வந்து, "ரத்தம் நல்லா இருக்கறவங்க முன்னாடி வாங்க. மத்தவங்க பின்னாடி நின்னு பேர் மட்டும் சொல்லுங்க. பதிவேடு சுத்தமா இருக்கணும்" என்றார். எங்கள் லைனில் முன்னால் போனவர்களில் நானும் ஒருத்தி. என் விரல்களில் ஐந்து முறை குத்தினார்கள், ஐந்து பேர் பெயருக்கு. உங்கள் தங்கை நாலாவது. நர்ஸம்மா பேரைக் கேட்டார், குத்தினார், எழுதினார். தலையை நிமிர்த்தவே இல்லை. ஒரே கை திரும்பத் திரும்ப வருவது தெரியாமலா இருக்கும்?

எங்களுக்கு அது தப்பாகவே படவில்லை அக்கா. ஒருத்திக்கொருத்தி உபகாரம் என்றுதான் நினைத்தோம். லைனில் என்னை ரத்த பேங்க் என்று கூப்பிட்டுச் சிரித்தார்கள். உங்கள் தங்கை என் விரலைப் பிடித்து ஊதிவிட்டாள்.

டாக்டரிடம் போய் வந்த மறுநாள், "உண்மையச் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேடி" என்றேன். "சொன்னா உனக்கும் மத்த நாலு பேருக்கும் லைன் போயிடும். அப்புறம் எங்க அக்கா வேற, எப்படியாவது தேறிடுன்னு எழுதியிருக்கா. அவகிட்ட என்ன சொல்றது?" என்றாள். இதை உங்களுக்கு எழுதலாமா கூடாதா என்றுதான் ஐந்து நாள் யோசித்தேன்.

ஏப்ரல் ஐந்தாம் தேதி மறுபடியும் ரத்தம் பார்க்கிறார்கள். என்னை முன்னால் நிற்கச் சொல்லியாகிவிட்டது. மாட்டேன் என்றால் வேலை போகும். என் சம்பளத்தில்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது. என் பேரை எங்கும் சொல்லிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
பட்டன் அக்கா

*

மார்ச் 15

நர்ஸம்மாவுக்கு,

வணக்கம். நீங்களும் உங்கள் பிள்ளைகுட்டிகளும் நலமாக இருக்க வேண்டும். நான் பஸ் கூட்டுகிறவள். படிப்பு கம்மி. தப்பிருந்தால் தப்பை விட்டுவிட்டு விஷயத்தைப் படியுங்கள்.

என் தங்கை உங்கள் கார்மென்ட்ஸில் தைத்தாள். நீங்கள் கொடுத்த சீட்டும் பெரிய ஆஸ்பத்திரிச் சீட்டும் என்னிடம் பத்திரமாக இருக்கின்றன. அது யாருடைய ரத்தம் என்று நான் கேட்கவில்லை. யாருடையதாக இருந்தாலும் என் தங்கையுடையது இல்லை என்று உங்களுக்குத் தெரியும்.

நான் பஸ்ஸைக் கூட்டாமல் கூட்டினேன் என்று எழுதினால் ஏறுகிறவன் செருப்பில் குப்பை ஒட்டும், அவ்வளவுதான். நீங்கள் குத்தாமல் குத்தினேன் என்று எழுதினதைத் தெருமுனை டாக்டர் நம்பினார், அவள் புருஷன் நம்பினார், நானும் நம்பினேன். நம்பிக்கொண்டு அவளைச் சோம்பேறி என்று எழுதினேன். படிப்பு இல்லாத எனக்கு வெளிறின முகம் தெரியவில்லை. படித்த உங்களுக்கு? சாக்பீஸ் தின்கிறவளைப் பார்த்தாலே ரத்தம் இல்லை என்று தெரிந்துகொள்ளலாமாம். பெரிய டாக்டரம்மா சொன்னார். உங்கள் லைனில் எத்தனை பேர் தின்கிறார்கள் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா?

மாதம் பூராவும் வடிகிற பொம்பளைக்கு இரண்டு டோக்கன். வடிந்து வடிந்து ரத்தம் கம்மியானால் அதற்குத் தண்டனை, சம்பளமில்லாமல் வீட்டில் இரு. இப்படி ஒரு சட்டம் போட்டால் எவள் தன் விரலை நீட்டுவாள்?

ஏப்ரல் ஐந்தாம் தேதி நான் உங்கள் கேட்டில் நிற்பேன். இரண்டு சீட்டும் கையில் இருக்கும். அவரவர் விரலில் குத்துங்கள். இல்லாவிட்டால் அந்த வெளிநாட்டுக்காரர்கள் வரும் நாளிலும் வந்து நிற்பேன்.

இப்படிக்கு,
அவள் அக்கா

*

ஏப்ரல் 9

தும்பிக்கு,

அக்கா எழுதுவது. உன் வீட்டில் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தேன். பாப்பாவுக்குத் தலை சீவினேன். என் மடியில் உட்கார்ந்து ஒரு வீட்டுக்கணக்கு முழுக்கப் போட்டாள். மாப்பிள்ளையிடம் இரண்டு சீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தார். "எனக்கு யாரு சொன்னா அண்ணி?" என்றார். "அவ சொன்னா. மாடிப்படியில நின்னு நின்னு சொன்னா" என்றேன். எழுந்து வெளியே போய்விட்டார். அவரை மட்டும் சொல்வானேன். எனக்கு நீ எழுதியே சொன்னாய், அதற்கு நான் எழுதின பதிலையும் வாசித்துவிட்டேன்.

ஐந்தாம் தேதி ஏழரை மணிக்கே கேட்டில் போய் நின்றேன். வாட்ச்மேன் விரட்டினான். "ரோடு உங்க முதலாளியோடதா?" என்று கேட்டேன், விட்டுவிட்டான். நர்ஸம்மா ஆட்டோவில் வந்து இறங்கினார். உன் வயதுதான் இருக்கும். என்னைப் பார்த்தார், என் கையில் இருந்த காகிதங்களைப் பார்த்தார், உள்ளே போனார்.

அன்று ஒவ்வொருத்தி கையையும் பிடித்து, முகத்தைப் பார்த்துப் பேர் கேட்டாராம். சூப்பர்வைசர் குறுக்கே வந்தபோது, "சார், நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க" என்றாராம். பட்டன் அக்கா விரலில் ஒரே ஒரு தடவைதான் குத்தினார்களாம்.

உன் லைனில் மட்டும் பதினோரு பேர் பத்துக்குக் கீழே. பட்டனுக்கு ஓட்டை போடுகிற பெண் ஒருத்தி, இருபத்திரண்டு வயது, நாலு புள்ளி ஒன்பது. அவளை நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். நர்ஸம்மாவே கூட உட்கார்ந்து போனார். ரத்தம் ஏற்றுகிறார்கள். பிழைத்துக்கொள்வாள் என்று டாக்டரம்மா சொல்லிவிட்டார்.

உனக்கும் இப்படி ஒருத்தி கூட உட்கார்ந்து போயிருக்கலாம். அதை நினைத்தால் எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலிக்கிறது.

ஆனால் கேள். பதினோரு பேரையும் அன்று சாயங்காலமே லைனை விட்டு இறக்கிவிட்டார்கள். டிபன் பாக்ஸைத் தூக்கிக்கொண்டு கேட்டுக்கு வெளியே வந்தவர்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள்.

"நீதானா அந்த அக்கா? உன் தங்கச்சி செத்தா எங்க வயித்துல ஏன் அடிக்கிற?"

"நாங்க உன்ன வந்து காப்பாத்துன்னு கேட்டமா?"

"அவ இருந்தப்ப ஒரு நாள் வந்து எட்டிப் பாத்தியா நீ? இப்ப பேப்பரத் தூக்கிட்டு வந்துட்டா, பெரிய கலெக்டராட்டம்."

நான் வாயடைத்து நிற்கிற ஆளில்லை, உனக்குத் தெரியும். "சம்பளத்த வெட்டினவன் உள்ள ஃபேனுக்கடியில உக்காந்திருக்கான், திட்டு எனக்கா? வாங்க, அவங்கிட்ட போய்க் கேப்போம். மாத்திரையக் குடு, மாத்திரையத் தின்னுகிட்டே தைக்கிறோம், சம்பளத்துல கை வைக்காதன்னு கேப்போம்" என்றேன். மூன்று பேர் வந்தார்கள். மேனேஜர் எங்களை நிற்க வைத்தே பேசினார். "அவங்க நல்லதுக்குத்தாம்மா ரெஸ்ட் குடுக்கறோம்" என்றார். "ரெஸ்ட்டுன்னா சோத்தோட குடுங்க" என்றேன். கம்பெனிக்கு எழுதிக் கேட்கிறாராம். திங்கட்கிழமை மறுபடி வருவோம் என்று சொல்லிவிட்டு வந்தேன். டிப்போவில் லீவு சொல்லியாகிவிட்டது. மூன்று பேர் வந்தது போதும், நானும் சேர்ந்தால் நாலு.

ஆஸ்பத்திரிக்குப் போனவள் போக மற்ற ஏழு பேர் என் முகத்தைக்கூடப் பார்க்காமல் போனார்கள். அதில் ஒருத்தி, சின்னப் பெண், படி இறங்கும்போது சுவரைப் பிடித்து நின்று நின்று இறங்கினாள். தாங்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள். பாதி ரத்தம்கூட உடம்பில் இல்லாதவள், அவள் தட்டின தட்டில் என் மணிக்கட்டு சிவந்துபோனது.

திரும்பி வரும் வழியெல்லாம் அவள் முகம்தான். கோபம் யார் மேல் வர வேண்டுமோ அவர்கள் மேல்தான் வருகிறது எனக்கு. சட்டம் போட்டவன், தலை நிமிராதவள், சீட்டைக் கண்ணாடியில் செருகினவர், எப்படியாவது தேறிவிடு என்று எழுதினவள். அந்தச் சின்னப் பெண் மேல் ஒரு துளிகூட வரவில்லை.

ஒன்றே ஒன்று கேட்கிறேன். போன ஆகஸ்டில் நான் வேலையைப் போட்டுவிட்டு இப்படி வந்து அந்தக் கேட்டில் நின்றிருந்தால், நீ உன் விரலை நீட்டியிருப்பாயா தும்பி, இல்லை நீயும் என் கையைத் தட்டிவிட்டுத்தான் போயிருப்பாயா?